பறவைகளுக்கு மட்டும் நின்ற மரங்கள்

"மரத்தை வெட்டிறலாம்ப்பா, அது நின்ன எடத்தை…" என்று ஊர்த்தலைவர் பெரியம்பலம் தொடங்குவார். வீரைவிடுதியில் எந்தக் கூட்டம் கூடினாலும், அது வாய்க்கால் தகராறோ திருவிழாப் பேச்சோ, கடைசியில் இந்த வாக்கியத்துக்கு வந்து சேர்வார். வந்து சேர்ந்த இடத்தில் வாயில் வெற்றிலைச் சாறு நிறைந்துவிடும். எழுந்து போய்ப் புளியமரத்தடியில் துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். இப்படியே நாற்பது வருஷம் அம்பலம் பார்த்துவிட்டு அவர் போய்ச்சேர்ந்தார். மறுபாதியை அவரும் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஆகவே தை பிறந்த ஏழாம் நாள் காலையில், சேவுகனின் கடலைக்கொல்லைக்கு மேலே காட்டுப் பறவைகள் வந்து வெறும் ஆகாயத்தில் உட்கார்ந்தபோது, ஊர் முதலில் தேடி அலைந்தது அந்த மறுபாதியைத்தான்.

சேவுகன் மோட்டார் போடப் போயிருந்தான். விதை முளைத்து நாலு இலை விட்டிருந்த நேரம். தலைக்கு மேலே சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டவை பச்சைப்புறாக்கள், பதினொன்று. ஐந்தாள் உயரத்தில், கொஞ்சம் சாய்ந்த வரிசையில், ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றின் காலுக்குக் கீழே கிளை இல்லை. கிளைக்குக் கீழே மரம் இல்லை. மரத்துக்குக் கீழே சேவுகன் விதைத்த கடலை இருந்தது. காற்று அடித்தபோது அந்த வரிசை முழுவதும் ஒரு முழம் தாழ்ந்து மறுபடி ஏறியது. சற்றுத் தள்ளி ஒரு மரங்கொத்தி ஒன்றுமில்லாத செங்குத்தில் ஏறி, நின்று, கொத்தியது. கொத்தியபோது மரத்தைக் கொத்துகிற சத்தமே வந்தது. கீழே ஓர் ஆறுமணிக்குருவி கடலைச் செடிகளுக்கு நடுவே தத்தித் தத்தி, இல்லாத சருகைப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. சேவுகன் மோட்டாரைப் போட்டான். தண்ணீர் வழக்கம்போல வாய்க்காலில் ஓடியது.

வரப்பில் நிலோபர் நின்றுகொண்டிருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். இரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒருநாள் விடியற்காலை ஸ்கூட்டரில் வருவாள். ஐயனார் காட்டுக்குள் அரைமணி, காட்டை ஒட்டிய கொல்லைகளில் அரைமணி நடந்து, பார்த்த பறவைகளை எழுதிக்கொண்டு போவாள். காட்டில் எழுபத்தொரு வகை, கொல்லைகளில் இருபத்தாறு என்று அவனிடம் ஒருதடவை சொல்லியிருந்தாள். எண்ணிக்கைகூடப் பெரிதில்லை, கொல்லையில் இருக்கிற மைனாவும் கரிச்சானும் கொக்கும் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும், காட்டில் இருப்பவை அந்த முப்பது ஏக்கரைத் தவிர வேறெங்கும் பிழைக்காது, நடுவில் போகிற வண்டிப்பாதை இருபதடிதான், அந்த இருபதடியை அரசவால்குருவி தாண்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லை அண்ணே, அதுக்கு அந்தப் பக்கம் கடல் மாதிரி, என்று சொல்லியிருந்தாள். இப்போது அந்த அரசவால்குருவி கடலுக்கு நடுவே, வெள்ளை வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, சேவுகனின் மோட்டார் அறைக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

"இதை எதுலண்ணே எழுதுறது?" என்றாள். "தாள்ல காடுன்னு ஒரு கட்டம், வயல்னு ஒரு கட்டம். ரெண்டுதான் இருக்கு."

"உக்காந்திருக்கிறது யாரு கொல்லையில?"

"உங்க கொல்லையில."

"அப்ப வயல்னு போடும்மா."

அவள் எழுதினாள். எழுதிவிட்டு, ரப்பரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஊர் எட்டு மணிக்கு வந்தது. வந்தவர்கள் ஆச்சரியப்படுவதற்கு அதிக நேரம் செலவழிக்கவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது. வயசானவர்கள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பறவைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மரங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். புறா உட்கார்ந்திருக்கிற உயரத்தைப் பார், அது பாலை, மாங்குயில் வந்து வந்து மறைகிற மாதிரி பண்ணுது பார், அது அடர்ந்த வீரை, அதோ அந்த வளைவு, நாவமரம், அதுல நான் ஏறி விழுந்து கை ஒடிஞ்சது, இந்தா பாரு தழும்பு. மத்தியானத்துக்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். பதினேழு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கண்மாய் மூன்று வருஷம் நிறையாமல் கிடந்த காலத்தில், சேவுகனின் அப்பா மூக்கன் வெட்டி விறகாக்கி, வேரைப் பிடுங்கி, காட்டின் எல்லைக்கல்லை ஒண்ணேகால் ஏக்கர் உள்ளே நகர்த்தி நட்ட அதே பதினேழு. ஒரு குடும்பம் பட்டினியில் சாக வேண்டாம் என்று ஊர் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு திறக்க மறந்துவிட்டது. கல்லை அதற்கப்புறம் பலரும் நகர்த்தினார்கள்.

மறுபாதிக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது. "வேரை வெட்ட முடியாதுன்னு முடிப்பாரு" என்றார் டீக்கடைக்காரர். "அது நின்ன எடத்தைக் காத்துக்குத் தெரியும்னு சொல்வாரு" என்றார் இன்னொருவர். "ஒரு மண்ணும் இல்லை, அவருக்கே தெரியாது, அதனாலதான் துப்பப் போவாரு" என்றாள் அடக்கி. களையெடுக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் சொன்னதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

நாள் போகப் போக ஊர் அந்த மரங்களோடு பழகிக்கொண்டது. டிராக்டர் ஓட்டுகிறவன், இடிக்காது என்று தெரிந்தும், பாலைக்குப் பக்கத்தில் வரும்போது ஒடித்து வளைத்துப் போனான். கல்யாணமாகி ஏழு வருஷமான ஒருத்தி, காட்டுக்குள் போய்க் கட்ட வேண்டிய வேண்டுதல் தொட்டிலை இங்கேயே கட்டலாம் என்று ஏணி வைத்து ஏறிக் கட்டிப் பார்த்தாள். தொட்டில் நேரே கீழே விழுந்தது. மரம் பறவைகளுக்கு மட்டும்தான் நிற்கிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெளிந்தது. கொல்லையின் வடமூலையில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, ஒரு குக்குறுவான் பொந்து வைத்திருந்தது. பொந்து தெரியாது, குக்குறுவான் தெரியும். அது மூன்று முட்டைகளின் மேல் ஒடுங்கி உட்கார்ந்து, தன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், கண்ணை மூடித் தூங்கும். அந்தப் பக்கமாகப் போகிற பெண்கள், பிள்ளை பெற்றவள் கிடக்கிற அறையைக் கடப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஆண்களையும் குனியச் சொன்னார்கள்.

இதெல்லாம் சேவுகனுக்குப் பிரச்சினையில்லை. பறவை உட்கார்ந்தால் உட்காரட்டும், கடலைக்கு நிழல் விழவில்லை. அவன் பயந்தது செருப்புக்குத்தான்.

வீரைவிடுதியில் எல்லைக்கல்லைவிடச் செருப்புக்கு மதிப்பு அதிகம். ஐயனார் காட்டுக்குள் போகிறவர்கள் வண்டிப்பாதையிலேயே செருப்பை விட்டுவிடுவார்கள். திரும்பும்போது துண்டை உதறிவிட்டு வருவார்கள், ஒரு சருகுகூட ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடக் கூடாது. ஊர் எந்த இடத்தில் செருப்பைக் கழற்றுகிறதோ அங்கேதான் சாமி நிலம் தொடங்குகிறது. பட்டா யார் பெயரில் இருந்தாலும் அந்த மண்ணில் அப்புறம் ஏர் இறங்காது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் சொல்லாமல், வெறும் பழக்கத்தில், ஒரு கிழவர் அவனுடைய வரப்பில் செருப்பை விட்டுவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினார். மறுநாள் நாலு ஜோடி. பத்தாம் நாள் அவனுடைய வரப்பு கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பத்தொன்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு நாற்பத்தைந்து வயதில் திரும்பியவன் சேவுகன். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவனுக்குக் கண் பாதி போயிருந்தது. மிஞ்சியது முந்நூற்றைம்பது அடியில் தண்ணீர் கிடைத்த ஒரு போர்வெல்லும், அது பாய்கிற இந்த ஒண்ணேகால் ஏக்கரும். வேறு நிலம் கிடையாது.

"செருப்போட போங்கய்யா, இது கொல்லை" என்று வரப்பில் நின்று சொல்லிப் பார்த்தான்.

"தெரியுதுப்பா, கொல்லைதான்" என்று சொல்லிக்கொண்டே கழற்றினார்கள்.

கடைசியில் அவனே போய், சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்கச் சொன்னான். வெள்ளிக்கிழமை காலை காட்டுக்குள் ஐயனார் முன்னால் ஊர் கூடியது. பூசாரி அரங்குளவன் வேளார் சேவுகனோடு ஐந்தாவது வரை ஒன்றாகப் படித்தவர். செவ்வரளி வந்தால் நிலம் சாமிக்கு, நந்தியாவட்டை வந்தால் சேவுகனுக்கு என்று உரக்கச் சொல்லிவிட்டு, கருவறைக்குள் போய், இரண்டையும் தனித்தனி இலைப் பொட்டலமாக முடிந்து கொண்டுவந்து வைத்தார். அடக்கியின் பேத்தி, நாலு வயசுப் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒன்றை எடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை. காட்டுக்குள் அத்தனை பேரும் விட்ட மூச்சு ஒன்றாகக் கேட்டது. தனக்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்களா என்று சேவுகனுக்கு நெஞ்சு இளகியது. வெளியே வரும்போது எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். மறுநாள் வரப்பில் ஒரு செருப்புகூட இல்லை, எல்லாம் அவரவர் காலில் இருந்தன.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது சாமி காலடியிலேயே காய வேண்டும். சேவுகன் அடுத்த நாள் சூடம் ஏற்றப் போனான். கும்பிட்டுவிட்டுத் திரும்பியவன், எதற்கென்று தெரியாமல், மறுபடி திரும்பி உட்கார்ந்து அதைப் பிரித்தான். உள்ளே வாடிக் கிடந்தது நந்தியாவட்டை.

வேளார் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"அரங்குளவா, ரெண்டுலயும் வெள்ளைதான் இருக்கு."

"பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"பிரிக்கக் கூடாதுல்ல?"

"ரெண்டுலயும் வெள்ளை வைக்கக் கூடாதுல்ல?"

வேளார் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மேக்கால எனக்கு முக்கா ஏக்கர் இருக்கே, அது எங்க தாத்தா ஐயனார்ட்டக் கேட்டா வாங்குனாரு? டீக்கடைக்காரன் கொல்லை? பெரியம்பலம் வீட்டுத் தோப்பு? உனக்குச் செகப்பு வந்துச்சுன்னா அடுத்த வாரம் என் தலைக்கு மேல மரங்கொத்தி வந்து உக்காரும். அதுக்கு அடுத்த வாரம் ஊர் முழுக்க. எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே பட்டினி கிடக்கச் சொல்றியா?"

"சாமி கோவிச்சுக்காதா?"

"சாமிக்கு முப்பது ஏக்கர். உனக்கு ஒண்ணேகால். கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும், பொட்டலத்தை முடிஞ்சவன் நான்தானே. நீ போயி ரெண்டாங் களையை வெட்டு."

சேவுகன் துண்டை உதறிவிட்டு வண்டிப்பாதைக்கு வந்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். இருபதடி. இந்தப் பக்கம் காட்டிலிருந்து ஒரு மாங்குயில் புறப்பட்டு, அவன் தலைக்கு மேலே பாதையைத் தாண்டி, ஒருதடவைகூடத் தயங்காமல், அவனுடைய கொல்லையில் இல்லாத வீரை மரத்துக்குள் போய் உட்கார்ந்தது. அடுத்தவர்களுடைய கொல்லைகளுக்கு மேலே வெறும் வானம் இருந்தது, மின்கம்பியில் வழக்கம்போல இரண்டு கரிச்சான். அவற்றுக்கு எந்த மரமும் நினைவில் இருக்க வேண்டியதில்லை, கம்பி போதும். தன்னைப் போன்றவை, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்பவை என்று சேவுகன் நினைத்தான். பத்தொன்பது வருஷம் என்னையும் ஒரு கம்பியில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்துதானே இருந்தேன் என்று நினைத்தான்.

வாரம் தவறாமல் நிலோபர் வந்தாள். "பூ உத்தரவு ஆயிருச்சாமேண்ணே. வயல்னே வச்சுக்கிறட்டா?" என்றாள். சேவுகன் மடையை மாற்றிவிடக் குனிந்தான். அவள் அந்த வாரத்துக் கட்டத்தை எழுதாமல் விட்டாள். அதற்கு அடுத்த வாரத்தையும் விட்டாள்.

மாசி பிறந்து சில நாள் கழித்து, மத்தியானக் கஞ்சி கொண்டுவந்த அவன் மனைவி செகப்பி வரப்பில் உட்கார்ந்து குக்குறுவானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சு பொரித்திருந்தது. ஒன்று பழத்தோடு வந்து இறங்க, உள்ளே இருந்தது வெளியே போனது. அது திரும்பி வர, இது போனது. மாற்றி மாற்றி, நிற்காமல்.

"ஆம்பளை எது, பொம்பளை எது?" என்று கேட்டாள்.

"தெரியலை. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"எதுவோ. அதாச்சும் சாயங்காலம் வீட்டுக்கு வருது."

சேவுகன் கஞ்சியைக் குடித்தான். குடித்து முடித்துவிட்டு, இரண்டு பொட்டலத்தையும் பற்றி அவளிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே தூக்குவாளியை வாய்க்கால் தண்ணீரில் கழுவினாள்.

"உங்க அப்பா வெட்டுனாரு, நீங்க கப்பலுக்குப் போனீங்க" என்றாள். "நடுவுல இந்த வரப்பைப் பத்தொம்பது வருஷம் கட்டுனது யாரு? போர் போட்டப்ப ரெண்டு நாள் புழுதியா வந்துச்சு, மூணாம் நாள் தண்ணி பீச்சுனப்ப நனைஞ்சது யாரு? போன்ல சத்தம் கேக்குதா, கேக்குதான்னு உங்ககிட்டக் கத்துனேன். நீங்க கேக்கலைன்னீங்க."

"ஞாபகம் இருக்கு."

"எந்தச் சாமி கேட்டாலும் இது என் மண்ணு. அதையும் மனசுல வச்சுக்கிட்டு என்னத்தையாச்சும் முடிவு பண்ணுங்க. ஆனா பாதி முடிவு பண்ணிட்டு மறுபடி பிளேன் ஏறுற சோலி வேணாம். இருந்து முடிங்க." தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குனிந்து, குக்குறுவானைப் பார்க்காமல், வடமூலையைத் தாண்டிப் போனாள்.

அந்த வாரம் இரண்டாம் களைக்கு ஆள் சொல்லியிருந்தான். நாற்பது நாள் பயிர். பூ எடுத்துவிட்டது, இன்னும் நாலைந்து நாளில் விழுது மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய பிறகு கொத்து வைத்தால் காய் அறுந்துபோகும். களை எடுத்தால் இப்போதே எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கவே முடியாது. அடக்கியும் பதினொரு பெண்களும் காலை ஏழு மணிக்கு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். பேசிக்கொண்டே இறங்கியவர்கள் நாலு எட்டில் பேச்சை நிறுத்தினார்கள்.

கொல்லை முழுவதும் கன்று முளைத்திருந்தது. பறவைகள் காட்டில் பழம் தின்றுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து போட்ட எச்சத்திலிருந்து, சேவுகனின் போர்வெல் தண்ணீரைக் குடித்து, விரல் நீளத்துக்கு ஆயிரக்கணக்கில் முளைத்திருந்தன. வீரை, காரை, சூரை, பெயர் தெரியாதவை. கண்டபடி முளைக்கவில்லை. ஒவ்வொரு மரமும் தன் கிளை விரிந்த அகலத்துக்குத் தரையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. பதினேழு வட்டங்கள். ஒன்றோடொன்று உரசி, சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒண்ணேகால் ஏக்கரையும் மூடியிருந்தன. வட்டத்துக்கு வெளியே மிஞ்சியது மோட்டார் அறையை ஒட்டி நாலு பாத்தி. வட்டத்துக்குள்ளே கடலைச் செடியும் கன்றும் தோளோடு தோள் நின்றன, இரண்டும் ஒரே பச்சை.

அடக்கி குனிந்து ஒரு கன்றின் இலையைக் கிள்ளி முகர்ந்தாள். "வீரைதான்" என்றாள். பிறகு நிமிர்ந்து களைக்கொத்தைத் தோளில் வைத்துக்கொண்டாள். "சேவுகண்ணே, நான் முப்பது வருஷமாக் களையெடுக்கிறேன். வெதைச்சது பயிரு, வெதைக்காதது களை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுல எது யாரு வெதைச்சதுன்னு நீ சொல்லு. சொல்லிட்டீன்னா மதியத்துக்குள்ள முடிச்சுருவோம்."

மேலே பச்சைப்புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன. வரப்பின் அந்தக் கோடியில் நிலோபர் தாளை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரங்குளவன் வேளார் வண்டிப்பாதையில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர். செகப்பி கஞ்சித் தூக்கோடு சீக்கிரமாகவே வந்திருந்தாள். அவள் சேவுகனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். வடமூலையில் குக்குறுவான் குஞ்சுகள் தங்களை ஒருத்தரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வாயைப் பிளந்து கத்தின.

"எண்ணே, சொல்லு" என்றாள் அடக்கி. "வெயில் ஏறுது."

சேவுகன் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு இறங்கினான். வட்டங்களுக்குள்ளே கன்றுகளை விட்டுவிட்டு, கடலையைக் களையாக எடுக்கச் சொன்னான்.